வரிசையும் வளவும்

(அலவத்துகொடயில் முதியோரும் மாணவரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தமிழ்மொழி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய இரண்டு பெரியவர்களும் அந்தக் காலத்தைப் பற்றி அழகாகச் சொன்னார்கள். பீலியில் குளித்தது, குப்பி லாம்பில் படித்தது, மண்சட்டிச் சோறு, கதவு பூட்டாத வீடு. கேட்கச் சுகமாக இருந்தது, நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பீலியில் குளித்ததைச் சொன்னார்கள். அதே பீலியிலிருந்து குடம் குடமாக மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றியதைச் சொல்லவில்லை. மண்சட்டிச் சோற்றைச் சொன்னார்கள். சட்டியின் கரியைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்ததைச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, நானாமார் மன்னிக்க வேண்டும். அவர்கள் சுமக்கவில்லை, தேய்க்கவில்லை. எப்படி ஞாபகம் வரும்?

சிறுவயது முதல் இன்றுவரை வாழ்க்கை எப்படி மாறியது என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. ரேடியோவில் தொடங்கி ஸ்மார்ட்போன் வரை அடுக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பட்டியல் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கே மனப்பாடம். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கடை திறக்காவிட்டால் நம் வீட்டில் எத்தனை நாளைக்கு அடுப்பெரியும்? என் ஆயுளில் நாடு இந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்டிருக்கிறது. 1974ஆம் ஆண்டை ஒட்டி ஒரு தடவை, 2022இல் ஒரு தடவை. முதல் தடவை நான் பாவாடை சட்டைக்காரி. இரண்டாம் தடவை பென்சன்காரி.

பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அந்த நாளில் அரிசி கடையில் காசுக்கு வாங்குகிற சாமான் மட்டுமில்லை, அரசாங்கம் கொடுக்கிற சாமானும்தான். ஆளுக்கொரு கூப்பன் புத்தகம் இருக்கும். வாரா வாரம் கூப்பன் கடையில் கொத்துக் கணக்கில் அளந்து தருவார்கள். அந்தக் கொத்தை வைத்துத்தான் இந்த நாட்டில் தேர்தல் நடந்தது. 1966இல் பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கியது. அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. 1970 தேர்தல் மேடைகளில், சந்திரனிலிருந்தாவது அரிசியைக் கொண்டுவந்து இரண்டாவது கொத்தையும் தருவோம் என்று பேசப்பட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் மனிதன் சந்திரனில் கால் வைத்திருந்தான் என்பதால் சனங்களும் நம்பியிருக்கலாம்.

பிறகு நடந்தது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். உலகச் சந்தையில் அரிசி விலையும் கோதுமை விலையும் ஏறின. 1973 கடைசியில் எண்ணெய் விலை பல மடங்கானது. நம் தேயிலைக்கு அப்படி ஏறவில்லை. இறக்குமதிக்குக் காசு இல்லை. கூப்பன் அரிசி வெட்டுப்பட்டது. சாப்பாட்டுக் கடையில் வாரத்தில் இரண்டு நாள் சோறு போடக் கூடாது என்று சட்டம் வந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிசி கொண்டுபோகவும் தடை. நம் வாசலில் ஓடுகிற இந்த வீதியைப் பாருங்கள். கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா தாண்டி யாழ்ப்பாணம் வரை போகிறது. நெல் விளையும் பக்கத்திலிருந்து மலைக்கு வரும் வழி இதுதான். பஸ்களை மறித்து, பையைக் கொட்டி, அரிசி தேடுவார்கள். பெண்கள் சேலைக்குள் அரிசியை முடிந்துகொண்டு வந்த கதை இந்தப் பக்கத்தில் எல்லாக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். அதே வீதியில் யாழ்ப்பாணத்து மிளகாய் லொறியும் வெங்காய லொறியும் செழிப்பாக ஓடின. இறக்குமதி நின்றதால் வடக்கு விவசாயிக்கு அது நல்ல காலம். ஒரே காலம், ஒரே வீதி. அரிசி கொண்டுவருகிறவனுக்கு ஒரு கதை, மிளகாய் கொண்டுவருகிறவனுக்கு இன்னொரு கதை.

எங்களுக்குக் கிடைத்தது பாண் வரிசை. சுபஹுக்கு முன்னாலேயே பேக்கரி வாசலில் போய் நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு வேலை இருப்பதால் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். நிற்க முடியாதவர்கள் ஒரு கல்லை வைத்துவிட்டுத் திண்ணையில் குந்திக்கொள்வார்கள். அந்தக் கல்லுக்கு எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள் என்பதை இன்றைக்கு நினைத்தால் அதிசயம்தான். வரிசையில் சிங்களவர், முஸ்லிம், தோட்டத்துத் தமிழர் எல்லாரும் இருந்தோம். ஒரு இறாத்தல் பாணுக்கு மேல் ஒருவருக்கு இல்லை. சில நாள் நம் முறை வருவதற்கு முன்பே பலகை போட்டுவிடுவார்கள்.

பாண் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்தால் வீட்டில் என்ன நடந்தது? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. ஒன்றும் நடக்கவில்லை. உம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. மூத்தும்மா கத்தியை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்குவார்.

நம் வளவு என்பது என்ன என்று வெளியூரார் கேட்டால் சொல்வதற்குச் சிரமம். தோட்டம் என்றால் பாத்தி கட்டிய இடம் என்று நினைப்பார்கள். காடு என்றால் யாரும் நடாத இடம் என்று நினைப்பார்கள். இது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மேல் தட்டில் தென்னை, கமுகு, கித்துள், பலா. அதற்குக் கீழே சாதிக்காய், கராம்பு, ஈரப்பலா, கோப்பி. மரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி. அதற்கும் கீழே வாழை, மரவள்ளி, மஞ்சள், இஞ்சி. காலடியில் வல்லாரை. விவசாய ஆராய்ச்சியாளர்கள் உலகத்தின் பல பக்கங்களிலிருந்து வந்து இதற்குக் கண்டிய வீட்டுத்தோட்டம் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். நாங்கள் அதற்குள் ஒளிந்து விளையாடினோம்.

அந்த வளவில் அரசன் பலாமரம். பிஞ்சில் பறித்தால் பொலொஸ் கறி. கொறக்காப் புளி போட்டு, சட்டியைத் தணலில் இரவு முழுக்க விட்டால் விடியும்போது கறுத்து, இறைச்சி போல இருக்கும். முற்றிய காயைச் சுளை எடுத்து அவித்து, தேங்காய்ப் பூவும் கட்டசம்பலும் வைத்துக்கொண்டால் ஒரு வேளைச் சாப்பாடு. பழுத்தால் வருக்கையா கூழனா என்று சண்டை. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை இப்போது செய்கிறவர்கள் அருகிவிட்டார்கள். மூத்தும்மா பலாக்கொட்டையைத் தோல் உரிக்காமல் கழுவி, நிழலில் ஈரம் வற்ற உலர்த்துவார். ஒரு பெரிய மண்பானை. அடியில் உலர்ந்த ஆற்றுமணல் ஒரு படை, அதன்மேல் கொட்டை ஒரு படை, மறுபடி மணல், மறுபடி கொட்டை. கொட்டை ஒன்றோடொன்று உரசக் கூடாது. உரசினால் அழுகல் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏறும். பானையின் வாயை மூடி அடுப்படியின் இருட்டு மூலையில் வைத்துவிடுவார். பலா காய்க்காத மாதங்களில் அதைக் கிளறி எடுத்து, அவித்தோ, சாம்பலில் சுட்டோ, தேங்காய்ப் பால் விட்டுக் கறி வைத்தோ தருவார். கொட்டை மணலுக்குள் கிடந்து இன்னும் இனித்திருக்கும். “பலா ஈக்கிற ஊட்டுல பட்டினி இல்ல மகள்” என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு.

பலாமரத்தைப் பற்றிப் பேசும்போது ஆர்தர் வி. டயஸைச் சொல்லாமல் விட முடியாது. பாணந்துறைக்காரர். சிங்களச் சனம் அவரைக் கொஸ் மாமா, அதாவது பலா மாமா, என்று கூப்பிட்டது. நாடெங்கும் பலா நடச் சொல்லி இயக்கம் நடத்தியவர். 1915 கலவரக் காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டிருந்தது. பஞ்சம் வந்தால் சனம் எதைத் தின்னும் என்ற யோசனை அங்கேதான் அவருக்கு வந்தது என்பார்கள். அந்தக் கலவரம் முஸ்லிம்களுக்கு எதிரானது என்பது இந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தொடங்கிய இடமும் நம் கண்டிதான். ஆனாலும் அவர் நடச் சொன்ன மரம் யார் வளவு என்று பார்த்துக் காய்க்கவில்லை. இன்றைக்கும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் பலாமரம் வெட்டக் கூடாது என்பது சட்டம். அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்பது வேறு கூட்டத்துக்கான தலைப்பு.

இதோடு நிறுத்தினால் நானும் எனக்கு முன்னால் பேசியவர்களைப் போல ஒரு பொற்காலக் கதை சொன்னவள் ஆகிவிடுவேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இரண்டும் கசப்பானவை.

முதலாவது, வளவு இல்லாதவர்கள் இருந்தார்கள். வெகு தூரத்தில் இல்லை, நம் மலைக்கு அந்தப் பக்கம். தோட்டத்துத் தமிழரின் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, ஒரு இலையும் அவர்களுடையதில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு நாடும் இல்லை, வாக்கும் இல்லை. அரிசியும் மாவும் வெட்டுப்பட்டபோது, நாங்கள் பலாவுக்கும் மரவள்ளிக்கும் போனோம். அவர்களுக்குப் போக இடமில்லை. 1974இல் தோட்டங்களில் சனங்கள் பசியால் செத்தார்கள். இது வதந்தி இல்லை, அந்த ஆண்டின் தோட்டப் பகுதி மரண விகிதம் ஏறியதை அரசாங்கத்தின் சொந்தப் பதிவுகளே காட்டுகின்றன. குடும்பம் குடும்பமாக மாத்தளை ரோட்டில் இறங்கி வந்து வீட்டு வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா எங்கள் வாசலில் நின்று சோறு கேட்கவில்லை, பலாச் சடை கேட்டார். சுளை எடுத்தபிறகு நாங்கள் மாட்டுக்குப் போடும் சடை. உம்மா உள்ளே போய்ச் சுளையே கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு, சடையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

1964இல் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இந்த நாடற்றவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு வைத்திருந்தார்கள். மீதி 150,000 பேரை 1974 ஜனவரியில் சரிபாதியாகப் பிரித்தார்கள். பசி வந்ததும், போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் பலர் போவதென்று முடிவெடுத்தார்கள். கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் அவர்களுக்கு இன்னொரு வரிசை காத்திருந்தது. பாண் வரிசையில் என்னோடு நின்ற பிள்ளைகள் சிலர் அந்த வரிசைக்குப் போய், தலைமன்னார் ரயிலேறி, கப்பலேறிப் போய்விட்டார்கள். ஆகையால், பலா இருக்கிற வீட்டில் பட்டினி இல்லை என்ற பேச்சில், வீடு என்பதற்குக் கீழே நிலம் இருக்க வேண்டும். வளவின் பெருமையைப் பேசும்போது உறுதிப்பத்திரத்தை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, அந்த வளவைச் சாப்பாடாக்கியது யார்? பலாக்காய் மரத்திலிருந்து சட்டிக்குத் தானாக நடந்து வரவில்லை. மரம் ஏறிப் பறித்துப் போடுவது வரை ஆண்கள். அதற்குப் பிறகு கத்திக்கும் கைக்கும் தேங்காயெண்ணெய் பூசி, பால் ஒட்ட ஒட்ட வெட்டி, சடை நீக்கி, சுளை பிரித்து, கொட்டை எடுத்து, நறுக்கி, அவிக்கும்வரை பெண்கள். ஒரு பெரிய காய் என்றால் ஒரு காலைப்பொழுது போய்விடும். விறகு பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கும். தேங்காய் துருவி, அம்மியில் அரைத்து, தண்ணீர் சுமந்து, மூன்று வேளை. என் உம்மா பகலில் உட்கார்ந்திருந்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது தொழுகைப் பாயில் மட்டும்தான். ராத்தா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். படிப்பு வராமல் இல்லை, என்னைவிடக் கெட்டிக்காரி. வீட்டில் இன்னும் இரண்டு கை தேவைப்பட்டது. அவருடைய கையில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். பாண் கிடைக்காத நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று சற்று முன்னால் சொன்னேன் அல்லவா, அந்த ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

1977 ஜூலையில் அரசாங்கம் மாறியது. இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். கடையில் சாமான் வந்தது. 1979 செப்டெம்பரில் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. அதே ஆண்டில் இ.போ.ச. சிவப்பு பஸ்ஸுக்குப் பக்கத்தில் தனியார் பஸ் ஓடத் தொடங்கியது. தொலைக்காட்சியும் அந்த ஆண்டில்தான், ரூபவாஹினி 1982இல். வானொலியில் அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரலுக்குக் காத்திருந்த வீடுகள் படத்துக்குக் காத்திருக்கப் பழகின.

கரண்ட் எல்லாருக்கும் ஒரே நாளில் வரவில்லை. 1981 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் நூற்றுக்குப் பதினைந்து வீடுகளில்தான் மின்விளக்கு. 1985இல் விக்டோரியா அணைக்கட்டைத் திறந்தார்கள். 122 மீற்றர் உயரம், 210 மெகாவாட். அதற்காகப் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சி வருடங்களில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் மிச்சங்கள் தலைநீட்டும், சனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். நம் வீட்டு ஸ்விட்சுக்குப் பின்னால் யாருடைய வீடோ இருக்கிறது.

நம் ஊரை மாற்றியது இவை எல்லாவற்றையும்விட வளைகுடாக் காசு. சவுதிக்குப் போன பிள்ளைகள் முதலில் அனுப்பியது டேப் ரெக்கோடர். கடிதத்துக்குப் பதிலாகக் கெசட் வரும், போகும். எழுதத் தெரியாத உம்மாமாருக்கு அது பெரிய விடுதலை. என் உம்மா தம்பிக்குப் பேசப் போகும்போது முந்தானையை இழுத்துத் தலையைச் சரியாக மூடிக்கொள்வார். பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்து, “மகன், சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். டேப் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியைக் கேட்டு அழுதேன் என்று தம்பி பின்னொரு நாள் சொன்னான்.

அந்தக் காசில் வீடு கட்டினோம். முதலில் சீமெந்து நிலம், பிறகு ஓடு, பிறகு ஸ்லாப். வளவு பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்தது. நாற்பது பேர்ச் பத்தாகியது, பத்து ஐந்தாகியது. ஐந்து பேர்ச்சில் வீடு கட்டினால் பலாமரத்துக்கு எங்கே இடம்? பலா நிழலில் உடுப்புக் காயாது, சருகு கூரைப் பீலியை அடைக்கும், காய் விழுந்தால் வாகனத்தின் கண்ணாடி போகும். ஒவ்வொன்றாக வெட்டினோம். வெட்டிய பலகையில் அழகான கதவு செய்தோம். என் வீட்டு முன்கதவும் பலாதான், பொய் சொல்ல மாட்டேன்.

நிலம் போதாமல் ஓடைக்குள்ளும் இறங்கினோம். அக்குறணையை ஊடறுத்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியில் சேர்கிற பிங்கா ஓயாவைச் சொல்கிறேன். என் சிறுவயதில் அதில் துணி தோய்ப்பார்கள், பையன்கள் மீன் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் கடையும் மதிலும் நெருக்கிக்கொண்டே வந்து, இப்போது கொஞ்சம் பெரிய மழை பெய்தாலும் அக்குறணை டவுனுக்குள் வெள்ளம். கடைக்காரர்கள் சாமானை மேல் தட்டுக்கு ஏற்றுவதற்கென்றே தனி ராக்கை அடித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி என்ன, மதில் நம்முடையது.

மதில் என்றதும் இன்னொன்று. முன்பு பலாக்காய் ஒன்றை அறுத்தால் ஒரு வீட்டுக்குத் தீராது. பாதி அடுத்த சிங்கள வீட்டுக்குப் போகும். அவர்கள் வளவில் கித்துள் இறக்கினால் பாணி நமக்கு வரும். மரம் போனபிறகு பகிர்வதற்கு ஒன்றும் இல்லை, மதில் மட்டும் உயர்ந்தது. 2018 மார்ச்சில் திகணையில் முஸ்லிம்களுக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் வந்த நாள்களில், அயல் வீட்டைப் பற்றிய செய்தியையும் போனில்தான் பார்த்தோம். அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நிறுத்தியதும் அதுவும் இல்லாமல் இருட்டில் இருந்தோம். பழைய கொடுக்கல் வாங்கல் இருந்த வீடுகளில் ஆள் நேரே வந்து கதவைத் தட்டி நிலைமையைச் சொன்னார். இதை வைத்து, பலாக்காய் இருந்திருந்தால் கலவரம் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். 1915இல் கண்டியில் பலாக்காய்க்கு என்ன குறை?

சரி, 2022க்கு வருகிறேன். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். டொலர் இல்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்ததில் விளைச்சலும் விழுந்தது. பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ஆனது, அடுத்த ஏப்ரலில் 4,860 ஆனது. அந்த விலை கொடுக்கத் தயார் என்றாலும் சிலிண்டர் இல்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி, ரோட்டோரம் வரிசையாக விட்டுவிட்டுப் போனார்கள். கல்லுக்குக் கொடுத்த மரியாதையைச் சிலிண்டருக்கு யாரும் கொடுக்கவில்லை, சங்கிலி தேவைப்பட்டது.

1974ஐவிட 2022இல் நாம் எவ்வளவோ வசதியானவர்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது, ரைஸ் குக்கர் இருந்தது, பிளெண்டர் இருந்தது, குழாயில் தண்ணீர் இருந்தது. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது இவற்றில் எது வேலை செய்தது? தண்ணீரை மேல்தாங்கிக்கு ஏற்றவே மோட்டர் வேண்டும். பெட்டிக்குள் இருந்த இறைச்சி கெட்டது. அம்மியை எப்போதோ வீட்டு வாசலில் படியாகப் போட்டுவிட்டோம். 1974இல் கடை மூடினால் வளவு திறந்திருந்தது. 2022இல் கடை மூடியதும் வீடும் மூடிவிட்டது. நம் ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினார்கள். விறகையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். மலைநாட்டில், விறகு, காசுக்கு! மூத்தும்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பலாக்காயும் வாகனத்தில் வந்து துண்டு துண்டாக விலைக்கு நின்றது.

நிலம் உள்ள கிராமத்துச் சனம் இந்தத் தடவையும் நம்மைவிடத் தாக்குப்பிடித்தது. 2012 குடிசன மதிப்பீட்டில்கூட நாட்டில் முக்கால்வாசிக்கு மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன என்பதை மறக்கக் கூடாது. கேஸ் வரிசை நாடு முழுவதன் வரிசை இல்லை. முன்னேறியவர்கள் என்று பெயர் எடுத்தவர்களின் வரிசை. லயத்து அறையிலோ மறுபடியும் அதே கதை. அரை நூற்றாண்டு போய், குடியுரிமை வந்து, வாக்கு வந்து, மந்திரிமாரும் வந்தபிறகும், காலுக்குக் கீழே இருக்கும் நிலம் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் சொந்தமாகவில்லை. கோதுமை மா விலை ஏறினால் அங்கே ரொட்டி மெலிகிறது. இதில் எனக்குப் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து, காருக்கு இருபது. கூப்பன் புத்தகம் போனுக்குள் திரும்பி வந்த மாதிரி. அது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். பெற்றோல் ஷெட் வரிசை சில வாரங்களில் குறைந்தது, அடிதடி குறைந்தது. கணினி படித்த இளைஞர்கள் செய்த வேலை. ஆனால் என் அயலில் ஒரு பெரியவர், வண்டி இருக்கிறது, போன் பழையது, மகன் கட்டாரில். அவருக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று பதிவு செய்து, அந்தக் கட்டத்தைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தது. அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அந்த நாள் கூப்பன் புத்தகத்தை வாப்பாமார் வைத்துக்கொண்டது போலவே.

பின்வரிசையில் ஒரு தங்கச்சி கை தூக்குகிறார். அப்படியென்றால் நாங்கள் பழையபடி வளவுக்குத் திரும்ப வேண்டுமா ஆசிரியை என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? முகத்திலேயே தெரிகிறது. ஐந்து பேர்ச்சில் எங்கே திரும்புவது? ஒரு ஈரப்பலாவும் முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க இடமிருந்தால் வையுங்கள். பெரிய மரங்கள் இருக்கிற பள்ளிவாசல் காணி, பள்ளிக்கூடக் காணி, பன்சலைக் காணி, இவற்றிலாவது கட்டடம் கட்டக் கிளம்பும்போது, எந்த மரத்தை வெட்டப் போகிறீர்கள் என்று யாராவது எழுந்து கேளுங்கள். தோட்டத்து நண்பர்களுக்கு ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ கிடைக்கும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு வருகிறதே, அதை அவர்களுடைய விஷயம் என்று விட்டுவிடாமல் நாமும் கேட்க வேண்டும். இதற்கு மேல் என்னிடம் திட்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. என் மகளும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். ராத்தாவின் பேத்தி பேராதனையில் படிக்கிறாள். கேஸ் அடுப்பும் குழாய்த் தண்ணீரும் இல்லாவிட்டால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். அது எங்கள் கையிலிருந்து குடத்தை இறக்கியது. ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போய், “அந்த டீச்சர் விறகு அடுப்பைத் திரும்பக் கட்டச் சொன்னார்” என்று எந்த நானாவும் மனைவியிடம் சொல்லிவிட வேண்டாம். பொலொஸ் கறி வேண்டுமா? காயைப் பறிப்பதோடு நிற்காமல், கையில் எண்ணெய் பூசிக்கொண்டு நீங்களே வெட்டுங்கள். பால் ஒட்டினால் மறுபடியும் எண்ணெய் போட்டுத் தேயுங்கள், போகும். கொட்டையை எறிந்துவிட வேண்டாம், மணல் பானை எப்படி என்று வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன்.

மஃரிபுக்கு நேரமாகிறது. கேள்வி உள்ளவர்கள் தொழுகைக்குப் பிறகு கேட்கலாம், பிளேன்டீ இருக்கிறதாம்.